ஐவர் கட்டிய பாலம்

ஐஸ் குச்சி 300. ஃபெவிகால் ஒரு டப்பா. நூற்கண்டு ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று. இவ்வளவுதான் தளவாடங்கள். "60 சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்டிடும் பாலம் ஒன்று கட்டுங்கள். பாலத்தின் நடுவிலே வாளியைத் தொங்கவிடுவோம். வாளியிலே மணலைக் கொட்டுவோம். முறியும் மட்டும் கொட்டுவோம்!" என்று கூறிவிட்டு, முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் ஐவர் ஐவராக அமர்ந்திருந்த 6 மேசைகளின் மீதும் அப்பொருள்களை வைத்துவிட்டு, ஓரத்து நாற்காலியிலே உட்கார்ந்துகொண்டோம். நான்கு சனிக்கிழமைகள் அந்த நாற்காலியிலே அமர்ந்து கண்டதையும், அருகிலே இருந்தும் காணத் தவறியதையும் எழுதிடவே இக்கட்டுரை.

பொறியியல் கல்லூரியிலே உமக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாம் வரலாறு படித்துப் பட்டம் பெற்றோம். பள்ளியிலே பாடம் நடத்துகிறோம். பாலத்துக்கும் நமக்கும் உள்ள உறவு, அதன் மீது பேருந்தில் போவது ஒன்றுதான்! அழைத்தவர் நம் ஊர்த்தோழர். அக்கல்லூரியிலே உதவிப் பேராசிரியர். "கணக்கு நான் சொல்லித் தருவேன். ஐந்து பேர் சேர்ந்து வேலை செய்வது எப்படி, செய்ததைப் பற்றிப் பிறகு தாமே ஆராய்ந்து பார்ப்பது எப்படி என்பதைச் சொல்லித்தர எனக்கு வராது. நீ பள்ளியிலே அறுபது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவன், வா" என்றார். சென்றோம். கொஞ்சம் பெருமையோடுதான் சென்றோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இது தோழர் கண்டுபிடித்த புதுமையன்று. ஒரு நாட்டின் பொறியியற் பட்டத்தை மற்றொரு நாடு ஏற்பதற்கென்று, வாஷிங்டன் உடன்பாடு என்ற ஒன்று 1989-இல் ஏற்பட்டது. இந்தியா 2014-இல் அதன் முழு உறுப்பினராயிற்று. பட்டம் பெற்று வெளிவரும் பொறியாளரிடம் எவ்வெத் திறன்கள் இருந்திட வேண்டும் என்று அங்கே வகுக்கப்பட்ட பட்டியலிலே, கணிதம், வடிவமைப்பு ஆகியவற்றோடு, குழுவிலே இணைந்து பணியாற்றுதலும், வாழ்நாளெல்லாம் தாமே கற்றுக்கொள்ளுதலும் இடம்பெற்றுள்ளன. பட்டியல் வந்துவிட்டது, பாடம்தான் வரவில்லை! இறுதியாண்டிலே நால்வருக்கு ஒரு திட்டப்பணி தரப்படுகிறது. ஒருவர் உழைக்கிறார், ஒருவர் பணம் தருகிறார், இருவர் கையெழுத்திடுகின்றனர், நால்வருக்கும் மதிப்பெண் கிடைக்கிறது. குழுப்பணி கற்பிக்கப்பட்டதாகப் பதிவேட்டிலே குறிப்பு ஏறுகிறது. நீந்தத் தெரியாதவரைக் கிணற்றிலே தள்ளிவிட்டு, நீச்சற் பயிற்சி அளித்தோம் என்று கணக்கு எழுதுவது போன்றதல்லவா இது?

மூன்றாம் மேசையைப் பற்றிச் சொல்லுகிறோம். மற்ற ஐந்து மேசைகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஆயினும் நமக்குப் பாடம் கிடைத்தது மூன்றாம் மேசையிலே.

அங்கே ஐவர். சென்னையிலே ஆங்கிலவழி பயின்ற இளைஞர் ஒருவர். நுனிநாக்கிலே ஆங்கிலம், சுறுசுறுப்பு, எதையும் எடுத்துச் செய்யும் துணிவு. அவரோடு விடுதி அறையிலே தங்கியிருக்கும் நண்பர் ஒருவர். கோவைப் பக்கத்துப் பெண் ஒருவர். எதிலும் சேராமல் எதற்கும் தலையசைக்கும் மற்றொருவர். ஐந்தாமவர் சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசுப் பள்ளியிலே தமிழ்வழி பயின்று வந்த தம்பி. அவர் குடும்பத்திலே கல்லூரிப் படியேறிய முதல் ஆள்.

இந்த ஐவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் காட்சி சாதாரணக் காட்சியன்று, தோழர்களே! 1928-இல் வகுப்புரிமை ஆணை நடைமுறைக்கு வந்ததும், அதை எதிர்த்து வழக்குத் தொடுத்த இருவரிலே ஒருவர் நாடியது பொறியியல் கல்லூரி இடம்தான் என்பதும், 1951-இல் உச்சநீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றதும், நாடு கொந்தளித்ததும், அதே ஆண்டு அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டதும் நம்மவர் அறிந்த வரலாறு. 2007-இல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு சட்டமாயிற்று. இத்தனை கதவுகளையும் யாரோ தட்டித் தட்டி, இடித்து இடித்துத் திறந்துவிட்டதால்தான் அந்தத் தம்பி அந்த நாற்காலியிலே உட்கார்ந்திருக்கிறார். கல்லூரியிலே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மேசையிலே?

முதல் சனிக்கிழமை கால்மணி நேரம் கழிவதற்குள் மூன்றாம் மேசையிலே ஓர் ஆட்சி அமைந்துவிட்டது. தேர்தல் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. சென்னை இளைஞர் வடிவம் வரைந்தார், நண்பர் ஆமோதித்தார், பெண்ணிடம், "உங்க கையெழுத்து நல்லா இருக்கு, ரெக்கார்டு நீங்க எழுதுங்க" என்றனர், சேலத்துத் தம்பியின் கையிலே கத்தரிக்கோலும் பசையும் வந்து சேர்ந்தன. ஒருவர் சிந்திக்க, ஒருவர் பேச, ஒருவர் எழுத, ஒருவர் உழைக்க! யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் யாருடைய சாதியையும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். எனினும், எவரும் வரையாத அந்தப் பழைய கோடு, புத்தம் புதிய மேசையின் மீது தானாகவே வந்து விழுந்தது. அன்று அதைக் கண்ட நாம் என்ன எண்ணினோம் தெரியுமா? "ஆகா, எவ்வளவு விரைவாக வேலையைப் பகிர்ந்துகொண்டனர்!" என்று வியந்தோம். ஏட்டிலே அவ்விதமே குறித்தும் வைத்தோம். அந்தக் குறிப்பு இன்னமும் நம்மிடம் இருக்கிறது.

இரண்டாம் சனிக்கிழமை சோதனை. மேசைகள் இரண்டுக்கு இடையே பாலங்கள் ஏற்றப்பட்டன. வாளி தொங்கிற்று. ஐந்தாம் மேசைக்காரர் தம் பாலத்துக்குக் குங்குமம் வைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தையும் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். ஆயுத பூசையன்று பணிமனையிலே கடைசல் எந்திரத்துக்குச் சந்தனம் பூசுவதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் வேறென்ன செய்வர்? வாளியிலே மணல் விழுவதற்கு முன்பே பாலம் சுமக்க வேண்டிய பாரம் ஓர் எலுமிச்சம்பழ அளவு கூடிவிட்டது! தோழர் அந்தப் பழத்தை அவிழ்த்து, தராசிலே வைத்து, அதன் எடையையும் கரும்பலகையிலே சுமைக் கணக்கோடு சேர்த்தெழுதினார். அறை அதிரச் சிரிப்பு. பகுத்தறிவுப் பிரசாரம் அன்று அவ்வளவோடு முடிந்தது, போதுமானதாகவும் இருந்தது.

மூன்றாம் மேசையின் பாலம் பார்வைக்கு அழகு. முக்கோணம் முக்கோணமாய்க் கோத்த இரண்டு பக்கச் சட்டங்கள், எடுப்பான தோற்றம். மணல் 9 கிலோவைத் தொட்டபோது, மேற்புறத்துக் குச்சிகள் இரண்டும் பக்கவாட்டிலே பாம்பு போல் நெளிந்தன. படீர்! அவ்வளவுதான். நெளிந்த குச்சி முறியக்கூட இல்லை. வளைந்து விலகிக்கொண்டது, மற்றவை சரிந்தன.

அன்று மாலை ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டிலே ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. என்ன நடந்தது? நடக்கும் முன் நான் என்ன எண்ணியிருந்தேன்? அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன? மறுமுறை எதை மாற்றுவேன்? இவ்வளவே கேள்விகள். முதல் வாரத்து ஏடுகளைப் படித்தபோது தலையில் கைவைத்துக்கொண்டோம். "குழுவாக இணைந்து மகிழ்ந்தோம், ஒற்றுமையே பலம் என்று உணர்ந்தோம்" என்று முப்பது பேரும் எழுதியிருந்தனர். ஒற்றுமையே பலம் என்ற சொற்றொடர் மட்டும் 17 ஏடுகளிலே! பள்ளியிலே கட்டுரைப் பாடம் கற்பித்த நம் இனத்தாரின் கைவண்ணம் அது. பிள்ளைகளைக் குறைகூற என்ன இருக்கிறது? ஆசிரியர் எதை விரும்புவார் என்று கண்டறிந்து எழுதுவதைத்தானே பன்னிரண்டு ஆண்டுகளாகப் பழக்கினோம்! ஆகவே ஏடுகளைத் திருப்பித் தந்து, "ஒற்றுமை எந்த நிமிடத்திலே இருந்தது? யார் சொன்ன எந்தச் சொல்லால்? வேற்றுமை எப்போது வந்தது? அப்போது நீங்கள் வாய் திறந்தீர்களா?" என்று கேட்டிருந்தோம். இரண்டாம் வாரத்து ஏடுகள் அதற்கு விடையாக வந்தன.

சென்னை இளைஞர் எழுதியிருந்தது ஒரே வரி: வடிவம் சரியானது, பசைதான் சரியில்லை.

சேலத்துத் தம்பி ஒரு பக்கமும் எழுதி, பின்பக்கமும் எழுதியிருந்தார். "குச்சி பக்கவாட்டில் நெளியும் என்று எனக்கு முன்பே தெரியும். என் அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறார். மாடி உயரமாக இருந்தால் சவுக்கு முட்டுகளும் நெட்டையாக இருக்கும். அப்பா அவற்றை நடுவில் குறுக்குக் கழி வைத்து ஒன்றோடொன்று கட்டுவார். கட்டாவிட்டால் கான்கிரீட் கொட்டும்போது முட்டு நெளிந்துவிடும். நம் பாலத்திலும் மேலே இருக்கும் இரண்டு குச்சிகளைக் குறுக்கே கட்டியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அவர்கள் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. கழி என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்."

அன்றிரவு அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தோம். மறுநாள் தோழரிடம் காட்டினோம். அவர் படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு தாளிலே சூத்திரம் ஒன்றை எழுதினார். அமுக்கப்படும் தூண் எந்தச் சுமையிலே நெளியும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலே ஆய்லர் என்ற கணித அறிஞர் கணக்கிட்டுச் சொன்னாராம். தூணின் நீளம் இரு மடங்கானால் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகக் குறையும். நடுவிலே நகராதபடி கட்டி நீளத்தைப் பாதியாக்கினால் தாங்கும் சுமை நான்கு மடங்காகும். "அந்தப் பையனின் அப்பா கயிற்றாலே கட்டுவது இதைத்தான். இரண்டாம் ஆண்டு முடிவிலே நான் நடத்த வேண்டிய பாடம், முதலாண்டு மேசையிலே பசை தடவிக்கொண்டிருந்தது!" என்றார்.

அறிவு அந்த மேசையிலே இருந்தது. ஐந்து பேருக்கு நடுவிலே, கைக்கெட்டும் தொலைவிலே, ஒரு மனிதனின் நாவிலே நின்றது. வெளிவர வழியில்லை, பாலம் விழுந்தது. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதன்று, வேலை செய்வோரையே அடுக்கடுக்காகப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். பேச முடியாமற்போன அவரது அந்தத் தலைமையுரையை நம் குடிஅரசு தமிழிலே வெளியிட்டதை மூத்த தோழர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மேடையிலே அந்தக் கருத்தை எத்தனை முறை நாமே முழங்கியிருக்கிறோம்! மூன்றாம் மேசையிலே அது நம் கண்ணெதிரிலேயே அரங்கேறியபோது, வேலைப் பகிர்வு என்று பெயர் சூட்டிப் பாராட்டினோம்.

ஐஸ் குச்சிப் பாலம் விழுந்தால் சிரிப்பு; வேறொன்றும் இல்லை. கனடா நாட்டிலே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே கியூபெக் நகரருகே கட்டப்பட்ட எஃகுப் பாலத்தின் கதை வேறு. 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமுக்கத்தைத் தாங்கவேண்டிய கீழ்ப்புறத்துப் பெருஞ்சட்டங்கள் வளையத் தொடங்கியதைக் களத்திலே இருந்தவர்கள் கண்டனர், அளந்தனர், வளைவு நாளுக்கு நாள் கூடியதையும் கண்டனர். வளைவு பட்டறையிலிருந்து வரும்போதே இருந்தது என்று ஒரு சாரார் சாதித்தனர். இறுதி முடிவு சொல்ல வேண்டிய ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர் பெரும் புகழாளர். முதுமை, உடல்நலிவு காரணமாக நியூயார்க்கிலேயே இருந்தார். பாலத்தின் நடு இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக உயர்த்தியபோது, கூடிய எடையை முறையாகத் திரும்பக் கணக்கிடாமலே வேலை நடந்துவந்தது. களத்திலிருந்து இளம் பொறியாளர் ஒருவர் புறப்பட்டு நியூயார்க் சென்று நேரில் முறையிட்டார். மேற்கொண்டு சுமை ஏற்றாதீர் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். அந்தத் தந்தியும் களத்துக்குப் போகவில்லை, பாலக் கம்பெனியின் அலுவலகம் இருந்த வேறோர் ஊருக்குப் போயிற்று. அன்று, ஆகஸ்டு 29, மாலை வேலை முடியும் வேளையிலே பாலம் சரிந்தது. மாண்டோர் 75 பேர். அவர்களிலே 30 பேருக்கு மேல், எஃகுச் சட்டங்களின் மேலேறி வேலை செய்வதிலே வல்லவரான மோஹாக் பழங்குடித் தொழிலாளர்.

கணக்குப் பிழை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிழை தன்னைத் தானே காட்டிக்கொண்டது, மூன்று வார காலம்! கண்டவர் இருந்தனர். கண்டவருக்கு நிறுத்தும் உரிமை இல்லை. உரிமை பெற்றவர் கண்ணுக்கெட்டாத தொலைவிலே. நடுவிலே தொங்கிய நூல் ஒரு தந்தி. குழுப்பணி என்றால் கூடிச் சிரித்துப் பேசுவது என்று எண்ணுவோர், இந்த 75 பேரை ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்திட வேண்டும்.

இதிலே ஒரு துணைக்கதையும் உண்டு. கனடாவிலே பொறியியல் முடிப்பவர்கள் சுண்டுவிரலிலே இரும்பு மோதிரம் அணியும் சடங்கு 1925-இல் தொடங்கிற்று. முதல் மோதிரங்கள் அந்த விழுந்த பாலத்தின் இரும்பிலே செய்தவை என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையன்று! அளவுகோலும் தராசும் பிடிக்கும் பொறியாளரும் புராணம் எழுதுவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

மூன்றாம் சனிக்கிழமை கியூபெக் கதையைச் சொன்னோம். சேலத்துத் தம்பியின் ஏட்டை அவர் இசைவின்றி வெளியிடக் கூடாதென்பதால் அதைச் சொல்லவில்லை. கேட்டோம், "நானே சொல்றேன் சார்" என்றார். மேசைக்காரர் முன்னிலையிலே, தமிழிலே, கையிலே இரண்டு பென்சிலை வைத்துக்கொண்டு சொன்னார். நடுவிலே விரலால் அழுத்தி நெளியவிட்டார், குறுக்கே ஒரு குச்சியை வைத்துப் பிடித்து அழுத்தினார், நெளியவில்லை. சென்னை இளைஞர் அந்தப் பென்சிலை வாங்கித் தாமும் அழுத்திப் பார்த்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மெய்யாகவே கேட்டார். அவருக்குத் தெரியவில்லை, தாம் பேசிக்கொண்டே இருந்தது தமக்குக் கேட்காதல்லவா?

இந்தக் குறிப்பேட்டு முறையைப் பற்றிச் சிலர் ஐயுறுகின்றனர். தன்னைத் தானே ஆராய்வதென்றால், அது ஆத்ம விசாரமாயிற்றே, மடத்துச் சரக்காயிற்றே என்று ஒரு தோழர் நம்மிடம் நேரிலேயே கேட்டார். இல்லை. பாவத்தை ஒப்புவித்து மன்னிப்புப் பெறும் கூண்டும் அன்று இது. அங்கே கேள்வி, "நான் நல்லவனா?" என்பது. இங்கே கேள்வி, "நான் உண்மையென்று பற்றி நின்றது எதன் மீது நின்றது?" என்பது. ஒரு நம்பிக்கையை, அதைத் தாங்கும் ஆதாரத்தைக் கொண்டும், அது இட்டுச்செல்லும் முடிவைக் கொண்டும் விடாது சோதித்துப் பார்ப்பதே சிந்தனை என்று அமெரிக்க அறிஞர் ஜான் டூயி 1910-இல் எழுதினார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே அவரிடம் பயின்றவர்தான் அம்பேத்கர். தொழில் வல்லுநர் வேலையின் நடுவிலேயே தம் செயலைத் திரும்பிப் பார்த்துக் கற்கும் விதத்தை டொனால்டு ஷான் என்பவர் 1983-இல் ஒரு நூலிலே விரித்துரைத்தார். பொறியியல், மருத்துவம், ஆசிரியப் பயிற்சி எல்லாவற்றிலும் இன்று அது பேசப்படுகிறது. ஏன், எதற்கு, எப்படி என்று கடவுளையும் சாத்திரத்தையும் கேட்கக் கற்றவர்கள் நாம். அதே கேள்வியை நேற்று நாம் செய்த வேலையைப் பார்த்துக் கேட்பதற்கு ஏன் கூச்சம்? சாத்திரத்தைக் கேட்பது எளிது. அது திருப்பிக் கேட்பதில்லை.

திருப்பிக் கேட்ட ஓர் ஏடும் வந்தது. மூன்றாம் மேசைப் பெண் எழுதியது. "சார் எங்கள் மேசைக்கு வரும்போதெல்லாம் ஒருவரைப் பார்த்தே கேள்வி கேட்டார். பாலம் ஏன் இப்படி என்றும், சுமை எங்கே இறங்கும் என்றும் அவரிடம் கேட்டார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: ரெக்கார்டு முடிந்ததா? எனக்கும் வரைபடம் போட வரும். பள்ளியில் அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறேன்."

படித்தோம். முகம் சுட்டது. மறுக்க வழி தேடினோம். நம் குறிப்புகளையே புரட்டினோம். சென்னை இளைஞர் சொன்ன பதில்கள் அதிலே பக்கம் பக்கமாக இருந்தன. அந்தப் பெண் பெயருக்கு நேரே, "கையெழுத்து நன்று". பெண்ணுரிமை மாநாட்டிலே தீர்மானத்தை வழிமொழிந்த கை எழுதிய குறிப்பு இது! 1940-களிலே கிண்டிப் பொறியியல் கல்லூரியிலே சேர்ந்து, நாட்டின் முதல் பெண் பொறியாளர் எனப் பெயர் பெற்ற லலிதாவைப் பற்றிப் பள்ளியிலே பாடம் எடுத்திருக்கிறோம். குழந்தையோடு கைம்பெண்ணான இளம் வயதிலே படித்து மின் பொறியாளரானவர் அவர். பாடம் எடுத்தோம், சரி. எதிரிலே இருந்த பெண்ணிடம் ரெக்கார்டு முடிந்ததா என்று கேட்டோம்.

ஏன் அவ்விதம் நடந்துகொண்டோம்? சொல்லிவிடுகிறோம். கேட்டதும் பதில் சொல்லும் மாணவர் ஆசிரியருக்கு இனிப்பு. அது பாதிக் காரணம். மீதிப் பாதி கூறுவதற்குக் கசப்பானது. நாமும் தமிழ்வழியிலே பயின்று வந்தோம். கல்லூரி முதலாண்டிலே ஆங்கிலம் கேட்டு ஊமையாய் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பொறியியல் கல்லூரியின் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவிலே, நமக்கும் ஆங்கிலம் வரும் என்று காட்டிக்கொள்ள ஆசை எழுந்தது. அதற்கு ஆள் வேண்டுமே! சென்னை இளைஞர் கிடைத்தார். சேலத்துத் தம்பி பேசத் தயங்கிய அதே அச்சம் நம் உள்ளத்திலும் இருந்தது. தம்பி அதனால் மௌனமானார், நாம் அதனால் தம்பியை மறந்தோம்.

முறையை மாற்றினோம். பேச்சுத் தொடங்கும் முன் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தம் எண்ணத்தைத் தாளிலே வரைய வேண்டும், எழுத வேண்டும், தமக்கு வரும் மொழியிலே. சென்ற வாரம் மிகக் குறைவாகப் பேசியவர் முதலிலே பேச வேண்டும். வரைபவர், வெட்டுபவர், எழுதுபவர், எடுத்துரைப்பவர் என்ற வேலைகள் வாராவாரம் கைமாற வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தால், காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும். அந்தக் காரணம் ஏட்டிலே ஏற வேண்டும். நாமும் ஒரு விதிக்கு உட்பட்டோம்: ஒரு மேசையிலே ஒருவரைக் கேட்ட கேள்வியை அடுத்தபடி வேறொருவரிடமே கேட்பது.

உடனே எல்லாம் செழித்துவிட்டது என்று கூறினால் அது கதையாகிவிடும். நேரம் பிடித்தது. "சார், டைம் வேஸ்ட்" என்று முணுமுணுத்தனர். அதிலே நியாயம் இல்லாமலும் இல்லை. முதல் மேசையிலே எழுதுபவராக மாற்றப்பட்டவர் கோபித்துக்கொண்டு வெளியேறி, தேநீர் அருந்திவிட்டுத்தான் திரும்பினார். இரண்டு மேசைகளின் புதிய பாலங்கள் பழைய பாலங்களைவிடக் குறைவாகவே தாங்கின; வெட்டத் தெரியாதவர் கையிலே கத்தரிக்கோல் போனால் குச்சி பிளக்காமல் என்ன செய்யும்? கற்பவர் செய்யும் பொருள் கொஞ்ச காலம் கெட்டுத்தான் போகும். மதிப்பெண்ணைப் பொருளுக்கு மட்டும் தந்துகொண்டிருந்தால் எந்த மாணவரும் தமக்குத் தெரியாத வேலையைத் தொடமாட்டார். பாலத்துக்குப் பாதி, ஏட்டுக்குப் பாதி என்று தோழர் மதிப்பெண்ணைப் பிரித்தார். ஏட்டிலே தவற்றை ஒப்புக்கொண்டவருக்கு மதிப்பெண் குறையக் கூடாது என்பதிலே மிக உறுதியாக இருந்தார். குறைந்தால் அடுத்த வாரமே ஒற்றுமையே பலம் திரும்பி வந்துவிடும்!

நான்காம் சனிக்கிழமை. மூன்றாம் மேசையின் புதிய பாலத்தை அந்தப் பெண் வரைந்திருந்தார். மேற்புறத்துக் குச்சிகளுக்குக் குறுக்கே நான்கு இடங்களிலே கட்டு. விடுதி நண்பர் ஏடு எழுதினார். மணல் 9 கிலோவைக் கடந்தது, கைதட்டல். 15. 20. மேற்புறம் நெளியவே இல்லை. 23 கிலோவிலே கீழ்ப்புறத்து ஒட்டு ஒன்று பிடுங்கிக்கொண்டது. பாலம் தரையிலே கிடந்தது. ஐவரும் மண்டியிட்டு, எந்த ஒட்டு, எந்தப் பக்கம் என்று குச்சி குச்சியாய்ப் புரட்டிப் பார்த்தனர். முதல் முறை விழுந்தபோது எவரும் குனிந்து பார்க்கவில்லை என்பது அப்போதுதான் நம் நினைவுக்கு வந்தது.

சேலத்துத் தம்பியின் ஏட்டிலே அன்று மாலை எழுதியிருந்தது இது: "கீழ் ஒட்டை இரவு முழுவதும் காயவிட வேண்டும் என்று அவர் சொன்னார். நான் வேண்டாம், போதும் என்றேன். சென்ற வாரம் நான் சொன்னது சரியாக இருந்ததால் இதுவும் சரியாக இருக்கும் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். என்னிடம் காரணம் இல்லை. அவரிடம் இருந்தது. காரணம் சொல்லி மறுக்க வேண்டும் என்ற விதியை நான் மீறினேன்." அவர் என்று குறிப்பிடப்பட்டவர், பசைதான் சரியில்லை என்று இரண்டாம் வாரத்திலே ஒரே வரி எழுதிய சென்னை இளைஞர். இம்முறை அவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அதிலே பசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஏடுகளைத் திரட்டும் பொறுப்பு அன்று மூன்றாம் மேசைப் பெண்ணுடையது. மேசை மேசையாய்ச் சென்று முப்பது ஏடுகளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்து, நம் நாற்காலிக்கு முன்னே நின்று, கையை நீட்டினார்.

"சார், உங்களுது?"

நம்மிடம் ஏடு இல்லை. குறிப்புகள் இருந்தன, மாணவர்களைப் பற்றிய குறிப்புகள். திங்கட்கிழமை தருகிறோம் என்றோம். அவர் தம் பட்டியலிலே நம் பெயரை எழுதி, எதிரே "பாக்கி" என்று குறித்துக்கொண்டு போனார்.